கிடங்கு எலியும் தூசியில் வரும் நோயும்



மளிகை வியாபாரத்தில் எலியோடு குடித்தனம் நடத்தாதவர் எவருமில்லை. வாடகை தராத இந்தக் குடித்தனக்காரர் அரிசி மூட்டையைக் கடித்தால் மனம் பதறுகிறது. சேதாரக் கணக்கில் எழுதுகிறோம். தரையில் விட்டுப் போகும் புழுக்கையையும் சிறுநீரையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய நஷ்டம் அதில்தான் இருக்கிறது.

எலிகள் பரப்பும் வைரஸ்களில் முக்கியமானது ஹன்டா. கொரியாவின் ஹன்டான் ஆற்றால் வந்த பெயர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் 3,000-க்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்களைக் காய்ச்சலிலும் சிறுநீரகக் கோளாறிலும் தள்ளியது இந்நோயே. 1993-ல் அமெரிக்காவில் இதே இனத்தின் வேறொரு வைரஸ் நுரையீரலைத் தாக்கிப் பல உயிர்களைப் பறித்தது.

அயல்நாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். நம் கடம்பத்தூரில் ரயிலேறி அரக்கோணம் தாண்டினால் காட்பாடி. அதை அடுத்தது வேலூர். அங்கே தோட்டப்பாளையத்தில் 1964-ல் மூளைக்காய்ச்சல் கிருமியைத் தேடியவர்கள், ஒரு மூஞ்சூறின் உடலிலிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தோட்டப்பாளையம் வைரஸ் என்றே அதற்குப் பெயர். அதுவும் ஹன்டா இனம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்பே தெரிந்தது. அது மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை. ஆனால் 2008-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. சிறுநீரக நோயாளிகள், எலி பிடிக்கும் பழங்குடியினர் ஆகியோருடன் கிடங்குத் தொழிலாளர்களின் ரத்தத்தையும் அவர்கள் சோதித்தார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சிலரிடம் ஹன்டா தொற்றின் அடையாளம் இருந்தது.

கிடங்கு ஆட்களைச் சோதிப்பானேன்? எலி கடித்து இந்நோய் வருவது அபூர்வம். காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகப் பறந்து மூச்சில் கலப்பதே பெரும்பாலும் காரணம். லாரி வந்து நிற்கும்போது, "சீக்கிரம் பெருக்குடா" என்று கல்லாவிலிருந்து எத்தனையோ வருஷம் குரல் கொடுத்தவன் நான். புழுதி மண்டலத்தில் அந்தப் பையன் இருமியது காதில் விழுந்தும் அதைப் பொருட்படுத்தியதில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செலவு அதிகமில்லை. பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்ததும் அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தரையை நனைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சரக்கின்மேல் அது படக்கூடாது. கைக்கு ரப்பர் உறை வாங்கிக் கொடுங்கள். மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகைமேல் அடுக்குங்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டையானாலும் அடையுங்கள். எலி வாய் வைத்த சரக்கைப் புடைத்து விற்பது பாவம்.

நாம் எலிக்காய்ச்சல் என்று சொல்வது பாக்டீரியாவால் வருவது, அது வேறு. ஹன்டாவுக்கென்று தனி மருந்து இல்லை. காலத்தே கிடைக்கும் சிகிச்சைதான் உயிரைக் காக்கும். ஆகவே வேலையாளுக்குக் காய்ச்சல், இடுப்புவலி, சிறுநீர் குறைவு, மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். "எலி நடமாடும் கிடங்கில் வேலை" என்று சொல்லச் சொல்லுங்கள்.

போன மூட்டையை அடுத்த லோடில் ஈடுகட்டலாம். போன ஆளை எந்த லோடில் இறக்குவது?