எவர்சில்வர்க் கம்பிவலையும் அதனைத் தேருமாறும்

வலை இருதிறத்தது. பரதவர் கடலில் வீசும் வலை வேண்டும் பொருளைத் தன்னகத்தே பற்றி நிறுத்துவது; இல்லத்துச் சாளரத்திற் கட்டும் வலை வேண்டாத உயிரைப் புறத்தே நிறுத்தி, வேண்டும் காற்றை மட்டும் உள்ளே விடுவது. முன்னதன் பெருமை அது பிடித்த மீனால் அறியப்படும். பின்னதன் பெருமையோ அதனால் வாராது போன நோயினால் அறியப்படுவதாகலின், பலர் கண்ணுக்கும் எளிதிற் புலனாவதில்லை. ஆதலின் அதனை வாங்குங்கால் மக்கள் விலையைக் கேட்பர், பளபளப்பைக் காண்பர், அவ்வளவில் அமைவர். சாளரத்திற்கேற்ற எவர்சில்வர்க் கம்பிவலை யாது, அதனை எங்ஙனம் தேர்வது, எங்ஙனம் பேணுவது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கம்பிவலையின் காவல் எத்துணை வலியுடையது என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. மலேரியா என்னும் பெயர் 'கெட்ட காற்று' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களினின்றும் பிறந்தது. சதுப்பு நிலத்து நச்சுக் காற்றே அந்நோய்க்குக் காரணம் என மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1897ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்தலைக் கண்டார். காற்றோ, கொசுவோ என்னும் ஐயத்தை முற்றும் அறுத்தற்பொருட்டு, 1900ஆம் ஆண்டில் பாட்ரிக் மான்சன் என்பார் ஒரு சோதனை வகுத்தார். அதன்படி சாம்போன், லோ என்னும் மருத்துவர் இருவர், மலேரியா மலிந்த ரோமாபுரிச் சமவெளியில், ஆஸ்தியா என்னும் ஊருக்கருகே, கதவுகளிலும் சாளரங்களிலும் கம்பிவலை அடித்த குடிசையொன்றிற் கோடை கழியுமளவும் வாழ்ந்தனர். பகலில் வெளியே உலாவினர். கதிரவன் மறையுமுன் குடிசை புகுந்து, அவன் எழுந்த பின்னரே வெளிவந்தனர். கொயினா மருந்தும் உட்கொண்டிலர். அந்நிலத்து இரவுக் காற்று வலையின் வழியே உள்ளே புகுந்தது, கொசு புகவில்லை, காய்ச்சலும் வரவில்லை. நோய்க்கும் உடலுக்கும் இடையே நின்றது மெல்லிய கம்பிவலை ஒன்றே.

மலேரியாக் கொசு இரவிற் கடிப்பது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ பகலிற் கடிப்பது. ஆகவே நம் நாட்டுச் சாளரவலை இரவும் பகலும் காவல் புரிதல் வேண்டும். அதனுடன் காற்றையும் தடையின்றி விடுதல் வேண்டும். வலை காற்றைத் தடுக்குமாயின், சித்திரை வெயிலிற் புழுக்கம் தாளாது யாரேனும் ஒருவர் அதனைத் திறந்துவிடுவார். திறந்த வலை இல்லாத வலையே.

இனி, வலையின் அமைப்பை நோக்குவோம். துணி நெய்தல் போன்றதே கம்பி நெய்தலும். நெடுக்கே ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாய் மாறி மாறிச் செல்லுமிடத்துச் சதுரக் கண்கள் உண்டாகின்றன. கடைக்காரர் '16 மெஷ்' என்பது ஓரங்குல நீளத்திற் பதினாறு கண்கள் உள என்பதேயாம். கண்ணின் அளவு இவ்வெண்ணால் மட்டும் விளங்காது. கம்பியின் பருமனும் தெரிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவிப்பாம். ஓரங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதனை 16ஆல் வகுத்தால் ஒரு கண்ணுக்கும் ஒரு கம்பிக்குமாக ஏறக்குறைய 1.59 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். கம்பியின் பருமன் 0.28 மில்லிமீட்டராயின், எஞ்சும் கண் 1.31 மில்லிமீட்டர், வலைப்பரப்பில் நூற்றுக்கு 68 பங்கு காற்றுக்குத் திறந்திருக்கும். அதே 16 மெஷ் வலையிற் கம்பி 0.45 மில்லிமீட்டராயின், கண் 1.14 மில்லிமீட்டராகச் சுருங்கும். திறந்த பரப்பும் நூற்றுக்கு 51ஆகக் குறையும். பெயர் ஒன்றே, காற்று வேறு. '16 மெஷ்' என்று மட்டும் கேட்டு வாங்குவோர் பாதியே கேட்டோராவர்.

கொசுவைத் தடுத்தற்கு மெல்லிய கம்பியால் நெய்த 16 அல்லது 18 மெஷ் வலை சாலும். கண் நுணுகுந்தோறும் காவல் மிகும் என்றெண்ணி 40 மெஷ் வலையைச் சாளரத்தில் அடிப்போர் உளர். 0.25 மில்லிமீட்டர்க் கம்பியால் நெய்த அத்தகைய வலையில் நூற்றுக்கு 37 பங்கே திறந்திருக்கும். சிறிது தூசி படியினும் காற்று நின்றுவிடும். அது மாவு சலித்தற்கும் நீர் வடித்தற்கும் ஏற்றதாகலாம். எதனை நிறுத்துவது, எதனை விடுவது என்னும் இரண்டனையும் ஒருங்கே எண்ணித் தேர்வதே அறிவுடைமை.

இவற்றைச் சோதித்தற்குப் பெருங்கருவி வேண்டா. ஓரங்குலத்துட் கண்களை ஊசிமுனையால் எண்ணுக. வலையின் ஓரத்தினின்றும் ஒரு கம்பியை உருவி, எழுதுகோலின்மேல் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றி, அச்சுற்றுகளின் அகலத்தை அளந்து இருபதால் வகுக்க. அதுவே கம்பியின் பருமன். மிக நுட்பமன்றாயினும் வாங்குதற்குப் போதுமானது.

மூன்றாவதாக அறியற்பாலது உலோகத்தின் தரம். 1913ஆம் ஆண்டில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார், துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்கும் வழியை ஆராயுங்கால், குரோமியம் மிகுந்த எஃகு எளிதிற் கறைபடாமை கண்டார். எஃகிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாய் மேலே படிகின்றது. கீறல் பட்டாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். ஆயினும் உப்பு அதற்குப் பகை. உப்பிலுள்ள குளோரைடு படலத்தை ஆங்காங்கே துளைத்துக் குழி செய்யும். ஆகவே துருவேறா எஃகு என்பதும் ஓரெல்லைக்கு உட்பட்டதே.

எவர்சில்வர் எனப்படுவதெல்லாம் ஒரே பொருளன்று. 304 என்னும் தரத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் ஏறக்குறைய அமைந்திருக்கும். உள்நாட்டு ஊர்களுக்கு அது போதும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு, 2 முதல் 3 பங்கு மாலிப்டினமும் சேர்ந்த 316 என்னும் தரமே தக்கது. 201, 202 என்பவற்றில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பர்; விலை குறைவு; துருவைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. பாத்திரத்தில் இவ்வேற்றுமை பெரிதாய்த் தோன்றாது. வலையிலோ அங்ஙனமன்று. ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு ஆழமுள்ள குழி குடத்திற்கு வெறும் வடு, 0.28 மில்லிமீட்டர்க் கம்பிக்கோ மூன்றிலொரு பங்கு உடல் அழிந்ததாம்.

காந்தத்தை வைத்துச் சோதிப்பது பலர் வழக்கம். கம்பிவலைக்கு அச்சோதனையை நம்புதல் கூடாது. 304 தர எஃகைக் கம்பியாக இழுக்குங்கால் அதன் உள்ளமைப்புச் சிறிது மாறுவதால், நல்ல கம்பியும் காந்தத்தால் ஓரளவு ஈர்க்கப்படும். தாழ்ந்த 202ஓ ஈர்க்கப்படாது நிற்கவும் கூடும். ஆதலின் ஆலையின் சோதனைச் சான்றைக் கேட்டு, தரத்தின் எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

நல்ல வலையும் தீய பொருத்தலாற் கெடும். பாவும் ஊடையும் சட்டத்திற்கு நேராக அமையுமாறு இழுத்து, நாற்புறமும் கட்டையடித்து இறுக்குக. எவர்சில்வர் வலைக்கு இரும்பாணி அறைந்தால், ஈரம் பட்டபோது ஆணி விரைந்து துருப்பிடித்து வலையையும் கறைப்படுத்தும். ஆகவே ஆணியும் எவர்சில்வராகவே இருத்தல் நன்று. சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் நுழையுமாயின், வலையின் கண்ணை அளந்த உழைப்பெல்லாம் வீணே. கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய் வாயையும் வலையால் மூட மறத்தலாகாது.

பேணுதல் எளிது. மென்மையான தூரிகையாலும் சோப்பு நீராலும் கழுவி, நன்னீரால் அலசுக. கடற்கரை ஊர்களில், மழை படாத இடத்து வலையிலேயே உப்பு மிகுதியாகப் படியுமாதலின், அதனை அடிக்கடி அலசுதல் வேண்டும். பிளீச்சிங் பவுடரும், குளியலறை கழுவும் அமிலமும் வலையை அணுகலாகா. இரும்பு நார் கொண்டு தேய்த்தால் அதன் துகள் ஒட்டித் துருவாகும். வலை ஓரிடத்திற் கிழிந்தால் முழுவதையும் மாற்ற வேண்டா. அதே வலையின் சிறு துண்டொன்றை வைத்து, அதனினின்றும் உருவிய கம்பியாலேயே தைத்துவிடலாம்.

கண் எத்தனை, கம்பி எத்துணைப் பருமன், தரம் யாது என்னும் இம்மூன்று வினாக்களையும் கேட்டு வாங்குவோர் ஏமாறுதல் அரிது. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வீட்டிற்கு வலையடிக்கும் பெற்றோர் நம்முட் பலர்க்கு உளர். அவர் பொருள் சில ஆண்டிலே துருவாய் உதிராமற் காத்தலும், சிறு குழந்தைகள் காய்ச்சலின்றிக் காற்றோட்டமாய் உறங்கச் செய்தலும் நம் கல்வி அவர்க்கு ஆற்றும் சிறு கைம்மாறாகும். விடுதியிலுள்ள நண்பர்கள் அளவுகோலும் ஊசியும் கொண்டு தத்தம் அறைச் சாளரத்தினின்றே இச்சோதனையைத் தொடங்குவார்களாக.