தனி வழிப் போக்கு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்கு உரிய காரணங்களைத் தொல்காப்பியர் வரையறுத்துச் சொல்லியிருக்கிறார். கல்வியின் பொருட்டுப் பிரியலாம். பகைவர்மேல் போருக்குச் செல்லலாம். அரசனுக்காகத் தூது போகலாம். பொருள் தேடப் போகலாம். இந்தப் பட்டியலை எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும், காணாத தேசத்தைக் கண்ணால் கண்டுவர வேண்டும் என்னும் ஆசை ஒன்றே உந்த, வேறு முகாந்தரம் ஏதுமின்றி ஒருவன் வீட்டை விட்டுப் புறப்பட்டான் என்பதற்கு அதில் இடம் கிடைப்பதில்லை. பாலைத் திணையைப் பாடிய புலவர்களும் சுரத்தின் வெம்மையையும், ஆறலை கள்வரின் கொடுமையையும், வீட்டில் நாள் எண்ணிக் காத்திருப்பவளின் மெலிவையும் மனம் உருகப் பாடினார்களேயன்றி, அந்த வழியே நடந்து போனவனுக்கு ஒரு கணமாவது உள்ளத்தில் உல்லாசம் தோன்றியிருக்குமா என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

பிற்காலத்தவரும் காரணம் கேட்கும் வழக்கத்தை விட்டபாடில்லை. க்ஷேத்திராடனம் என்றால் சரி, வியாபாரம் என்றால் சரி, உத்தியோகம் என்றால் மிகவும் சரி. ‘சும்மா போய்ப் பார்த்து வருகிறேன், தனியாகத்தான் போகிறேன்’ என்று ஒருவன் சொன்னால், வீட்டில் என்ன மனஸ்தாபம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்யாணத்தில் நடக்கிற காசி யாத்திரையைப் பாருங்கள். குடையும் கைத்தடியுமாகத் தனியே கிளம்புகிற மாப்பிள்ளையைப் பத்தடி தூரம் போவதற்குள் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, நல்ல வார்த்தை சொல்லி, திரும்ப அழைத்து வந்துவிடுகிறார். தனிவழிப் போகிறவனைத் தடுத்து நிறுத்துவதையே மங்களகரமான ஒரு சடங்காக ஆக்கிக்கொண்ட சமூகம் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டா என்பது சந்தேகந்தான்.

தனிப் பிரயாணம் என்றவுடன் ஏகாந்தம், மௌனம், உலக வெறுப்பு ஆகியவையே பலருடைய மனத்தில் எழுகின்றன. என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. பத்துப் பேராகச் சேர்ந்து புறப்படுகிறவர்கள், தங்கள் ஊரையும் தெருவையும், பேச்சையும் பூசலையும், புளியோதரைப் பொட்டலத்தையும் சீட்டுக் கட்டையும் உடன் எடுத்துச் சென்று, போன இடத்தில் அவற்றையே விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்நியர் ஒருவரும் தேவைப்படுவதில்லை, அந்நியரும் அவர்களை நெருங்குவதில்லை. தனியாக வந்தவனோ வழி கேட்க வேண்டும், விலை கேட்க வேண்டும், மூட்டையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து ஆசாமியிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். பிறருடைய தயவில்லாமல் அவனுக்கு ஒரு பொழுதும் நகராது. ஆகவே, மனிதர்களோடு அதிகம் பழக நேருகிறவன் துணையின்றிச் சென்றவனே.

இப்னு பதூதாவின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். மொராக்கோ நாட்டு டான்ஜியர் நகரத்தில், நியாயாதிபதிகளைத் தந்த ஒரு குடும்பத்தில் 1304-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1325-இல், இருபத்தொரு வயது வாலிபராக, பெற்றோரைப் பிரியும் துக்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, கூட வருவதற்கு ஒரு நண்பனும் இல்லாமல், மக்கா யாத்திரைக்கென்று தன்னந்தனியே புறப்பட்டார். வழியில் கடுமையான சுரம் கண்டது. தளர்ச்சியினால் விழுந்துவிடாதிருக்கும் பொருட்டுத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சவாரி செய்தார். ஒருவாறு தூனிஸ் நகரத்தை அடைந்தபோது, வந்த யாத்திரிகர்களை வரவேற்க ஊரார் திரண்டு வந்தார்கள். இவருக்கு ஸலாம் சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை, ஏனென்றால் அங்கே இவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. இளைஞர் துக்கம் தாங்காமல் அழுதுவிட்டார். அழுகையின் காரணத்தை ஊகித்துக்கொண்ட ஒரு யாத்திரிகர் அருகில் வந்து, ஸலாம் சொல்லி, நகரத்துக்குள் நுழையும்வரை ஆதரவாகப் பேசிக்கொண்டே வந்தாராம்.

உலகத்தின் பெரும் பிரயாணிகளுள் ஒருவராகப் பின்னால் புகழ்பெற்ற மனிதர், தம் யாத்திரையின் தொடக்கத்தில் தேம்பி அழுததைப் பிற்காலத்தில் மறைக்காமல் சொன்னார் என்பதற்காகவே அவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. தனியே போகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அந்தி வேளையில் இப்படி ஒரு கலக்கம் வரும். தெரியாத ஊரில் விளக்கு வைக்கும் நேரத்தில், எல்லோரும் ஏதோ ஒரு வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, நமக்கு மாத்திரம் போவதற்கு வீடில்லை என்ற நினைப்பு அடிவயிற்றைப் பிசையும். அந்த இரவே மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகப் போய்விடும். காலையில் அதே தெரு வேறு தெருவாகத் தோன்றும். நேற்று நம்மைப் பயமுறுத்திய அதே நிலைமை, அதாவது இங்கே நம்மை ஒருவருக்கும் தெரியாது என்பது, இன்று பெரிய விடுதலையாகத் தோன்றும். இன்னாருடைய பிள்ளை, இன்ன ஆபீஸில் இன்ன வேலை, இத்தனை கடன் என்ற விலாசங்களெல்லாம் கழன்றுபோய், வெறும் மனிதனாக நடக்கிற சுகத்தை ஊரில் இருந்தபடி எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

இப்னு பதூதா அந்தச் சுகத்தைக் கண்டுகொண்டவர். போன வழியிலேயே மறுபடி போவதில்லை, கூடுமானவரை, என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டு, எகிப்து, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா என்று அலைந்து, தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் நியாயாதிபதியாக இருந்து, மாலத் தீவுகளிலும் அதே பதவியை வகித்து, 1344-ஆம் ஆண்டளவில் இலங்கையின் புத்தளத்தில் வந்து இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியதனால், பல தேசத்து மன்னர்களின் கதைகளைப் பிரயாணியிடம் கேட்டு மகிழ்ந்தார், முத்துக்கள் கொடுத்தார், வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதி பிதாவின் பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் இவர். சைவர்கள் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்றும் வணங்குகிற அந்த மலைக்கு, பல்லக்கும், யோகிகளும், பிராமணர்களும், சுமை தூக்கும் ஆட்களும் கொடுத்துத் தமிழரசர் இவரை அனுப்பிவைத்தார். தூனிஸில் ஸலாம் கிடைக்காமல் அழுத வாலிபருக்கு, பாஷையும் மதமும் வேறான ஒரு தேசத்தில் இப்படி ஒரு பரிவாரம்! அவர் சொந்த ஊர் திரும்பியது 1349-இல். தகப்பனார் பல வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். தாயாரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. தேசாந்தரம் போகிறவன் கொடுக்கும் விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் காலத்துக்குச் சற்று முந்தி, ஊர் சுற்றுவதை ஒரு சாஸ்திரமாகவே எழுதி வைத்தவர் ராகுல் சாங்கிருத்தியாயன். அஜம்கட் ஜில்லாவில் 1893-இல் கேதார்நாத் பாண்டேயாகப் பிறந்து, சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, சாதுவாகி, சென்னைக்கு அருகே திருமழிசையிலுள்ள வைணவ மடத்திலும் சில காலம் தங்கி, பிறகு இலங்கையில் பௌத்த பிக்ஷுவாகி, அதையும் துறந்து பொதுவுடைமைவாதியான அவருடைய வாழ்க்கையில் மாறாதிருந்தது நடை ஒன்றுதான். அவருடைய ‘கும்மக்கட் சாஸ்திரம்’ தமிழில் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்ற பெயரில் பலரும் படித்த நூல். தாயின் கண்ணீர் முதலிய தளைகளை அறுப்பது எப்படி என்பதில் தொடங்கி, வழியில் பிழைப்பதற்குக் கைத்தொழில் கற்றிருக்க வேண்டும் என்பது வரையில், விளையாட்டும் வினையுமாக உபதேசித்திருக்கிறார். தாயின் கண்ணீர் விஷயத்தில் அவரோடு என்னால் முழுதும் உடன்பட முடியவில்லை. ஆனால் அவர் சொல்கிற ஒரு சம்பவத்தை மறக்கவும் முடியவில்லை.

1929-இல் அவர் நேபாளத்தின் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்தபோது, இந்தியருக்கு அங்கே அனுமதி இல்லை. பிச்சைக்காரர் வேஷத்தில் நடந்து போனார். வழிப்பறிக்காரர் மலிந்த மலைக் கணவாய்களில், ஆபத்தான ஆசாமிகளைக் கண்டால் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டி, ‘ஐயா, ஒரு காசு’ என்று முந்திக்கொண்டு கையேந்திவிடுவாராம். பிச்சைக்காரனைக் கொள்ளையடிக்க யார் வருவார்கள்? வழித்துணையாகச் சேர்ந்த மங்கோலியத் துறவியின் பழக்கத்தால் ஒரு கிராமத்தில் தங்குவதற்கு நல்ல இடமே கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே வழியாக, இம்முறை குதிரைமேல், கனவானைப் போல் போனார். அதே கிராமத்தில் தங்க இடம் தருவார் இல்லை. மிக ஏழையான ஒருவரின் குடிசையில் ஒதுங்க வேண்டியதாயிற்று. சிலருக்கு இது வேடிக்கையான கதையாகப் படலாம். எனக்கோ பிரயாண நூல்களில் உள்ள நிஜங்களில் தலையாயது இதுவே என்று தோன்றுகிறது. அன்னியனிடத்தில் ஜனங்கள் காட்டும் அன்பு, அவனுக்கு அது தேவைப்படுகிறது என்று அவர்கள் காணும்போதுதான் சுரக்கிறது.

துணையோடு போவதில் உள்ள இன்னொரு சங்கடம் வேகம். 1935-ஆம் ஆண்டு பீகிங்கிலிருந்து காஷ்மீரத்து ஸ்ரீநகர் வரை, சீனத் துருக்கிஸ்தானத்தின் பாலைவனங்களை ஏழு மாதத்தில் கடந்து வந்தவர்கள் இருவர். ஒருவர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் பீட்டர் ஃப்ளெமிங். ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதியவரின் தமையனார். மற்றவர் ஜெனீவாவில் பிறந்த எலா மையார் அம்மையார். மூன்று ஆண்டுகளுக்கு முன் சோவியத் துருக்கிஸ்தானத்தைத் தனியாகவே சுற்றியவர். இருவருமே தனியே போவதில் பெயரெடுத்தவர்கள். ஒருவரையொருவர் விட்டால் வழி கிடைக்காது என்ற நிர்ப்பந்தத்தால் சேர்ந்தார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை. எனினும் அவருக்கு லண்டனுக்குத் திரும்பும் அவசரம், இவருக்கோ திரும்புவது என்பதையே மறந்துவிட்டு அங்கங்கே தங்க ஆசை. ஊர் திரும்பி இருவரும் தனித்தனியே எழுதிய நூல்களைப் படித்தால், ஒரே ஒட்டகப் பாதையில் இரண்டு பிரயாணங்கள் நடந்திருப்பது தெரியும். மையார் அம்மையாரை நம்மவர் சிலர் நேரிலேயே கண்டிருக்கக்கூடும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் சந்நிதானத்தை நாடி, ஒரு பூனைக்குட்டியைத் துணையாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர்.

பெண்கள் தனியாகப் போவதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரைதான் எழுத வேண்டும். ராகுல்ஜி தம் சாஸ்திரத்தில் அவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஆண் ஒருவன் அந்நியரை நம்பலாமா என்று யோசிக்கிற இடத்தில், பெண் நாலு மடங்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுத் தைரியம் சொல்லுவது யோக்கியமான காரியம் அல்ல. ஆனாலும் இரவு நேரத்தில் புது ஊரில் போய் இறங்காமலிருப்பது, தங்குமிடத்தை முன்கூட்டியே தீர்மானித்து வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வைப்பது ஆகிய இரண்டையும் கடைப்பிடித்துப் போய்வரும் பெண்களை இப்போது ரயிலிலும் பஸ்ஸிலும் தாராளமாகக் காணலாம். ஆண்களுக்கும் அவை நல்ல விதிகளே.

இக்காலத்துப் பிரயாணிக்குக் கைப்பேசியில் வரைபடம் வந்துவிட்டது. சௌகரியந்தான், வழி தவறுவதில்லை, ஏமாற்றும் ஆட்டோக்காரரிடம் வாதம் செய்ய ஆதாரம் கிடைக்கிறது. ஆயினும் டீக்கடை வாசலில் நின்று, ‘அண்ணே, கோயிலுக்கு எப்படிப் போகணும்?’ என்று கேட்டால், கடைக்காரர் ஒரு வழியும், டீ குடிக்கிற பெரியவர் வேறு வழியும் சொல்லி, கடைசியில் ‘எந்த ஊரு தம்பி?’ என்று தொடங்குகிற சம்பாஷணை அந்த வரைபடத்தில் கிடையாது. பாதையைத் தெரிந்துகொண்டே ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் திபெத்துக்குப் போக வேண்டியதில்லை. நாலு மணி நேர பஸ் பிரயாணத்தில் உள்ள, இதுவரை பார்த்திராத ஒரு சிறு நகரம் போதும். ஆறு இருந்தால் விசேஷம், சந்தை கூடும் நாளாக இருந்தால் இன்னும் விசேஷம். ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும்: அது உறவினர் யாரும் குடியிருக்கிற ஊராக இருக்கக் கூடாது. சித்தப்பா மகன் உத்தியோகம் பார்க்கிற ஊர் என்று வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டால், நாம் போய்ச் சேருவதற்குள் தகவல் அங்கே போய்ச் சேர்ந்து, பஸ் நிலையத்துக்கு ஆள் வந்து நின்றுவிடும். அப்புறம் போன காரியம் அவ்வளவுதான், சாப்பாட்டு இலையின் முன்னாலேயே இரண்டு நாளும் கழிந்துவிடும்.