செத்து விழுந்த நாய் எழுந்து வாலாட்டியது! நெஞ்சுக்குள் 'ஷாக்' பெட்டி வைத்த டாக்டரின் கதை

ஒரு நாய் நிற்கிறது. திடீரென்று கால் மடங்கிப் பொத்தென்று கீழே விழுகிறது. மூச்சு பேச்சு இல்லை. சில விநாடிகள் போகின்றன. யாரும் கிட்டே வரவில்லை. ஊசி இல்லை, மருந்து இல்லை.

நாயின் உடம்பு ஒரே ஒரு தடவை தூக்கிப் போடுகிறது. அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்குகிறது. எழுந்து நிற்கிறது. வாலை ஆட்டுகிறது!

இது மாயாஜாலப் படம் அல்ல. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் இதய நோய் டாக்டர்கள் எடுத்த படம். விழுந்த நாயை எழுப்பியது, அதன் உடம்புக்குள் வைத்துத் தைத்திருந்த ஒரு சின்னப் பெட்டி.

படத்தைப் பார்த்த டாக்டர்கள் கை தட்டினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. நாய்க்கு விழுந்து எழப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள்! அதனால் நாயோடு சேர்த்து, அதன் இதயத் துடிப்புக் கோட்டையும் பக்கத்திலேயே ஓடவிட்டுப் படம் காட்ட வேண்டியதாயிற்று. கோடு பொய் சொல்லாது அல்லவா?

அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் டாக்டர் மிஷல் மிரோவ்ஸ்கி. பாதி உலகத்தைச் சுற்றி, அடிபட்டு மிதிபட்டு வந்த மனிதர்.

பெயரை மாற்றி ஓடிய சிறுவன்

1924-ல் போலந்து நாட்டின் வார்சா நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மொர்தெகாய் ஃப்ரிட்மன். 1939-ல் ஹிட்லர் படை ஊருக்குள் வந்தது. யூதப் பெயரோடு இருந்தால் உயிருக்கு ஆபத்து. மிரோவ்ஸ்கி என்று பெயரை மாற்றிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது வயது 15.

போர் முடிந்தபோது குடும்பத்தில் மிஞ்சியது இவர் ஒருவர்தான்.

அப்புறம் பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில் டாக்டர் படிப்பு. இஸ்ரேலில் வேலை. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் இதய நோய்ப் பயிற்சி. திரும்பவும் இஸ்ரேலுக்கு வந்து, 1963-ல் டெல் அவீவ் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே இதய டாக்டர் என்று இருந்தது இவர் மட்டும்.

சாப்பாட்டு மேஜையில் விழுந்த குரு!

மிரோவ்ஸ்கிக்கு ஒரு குரு உண்டு. பேராசிரியர் ஹாரி ஹெல்லர். 1966-ல் அவருக்கு இதயத் துடிப்பு அடிக்கடி தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மிரோவ்ஸ்கிக்குப் பயம். இது எந்த நிமிஷமும் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவர் பயந்தபடியே நடந்தது. வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹெல்லர் அப்படியே சாய்ந்தார். ஆள் போய்விட்டார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயம். போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலையும் நிருபர்கள் நாங்கள், 'மயங்கி விழுந்து மாரடைப்பால் இறந்தார்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவோம். நானும் எத்தனையோ தடவை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மாரடைப்பு வேறு, இது வேறு.

மாரடைப்பு என்பது கார்ப்பரேஷன் தண்ணீர்க் குழாயில் அடைப்பு மாதிரி. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. இன்னொன்று கரண்ட் கோளாறு. இதயம் துடிப்பதே அதற்குள் ஓடும் சின்ன மின்சாரத்தால்தான். அது தறிகெட்டுப் போனால் இதயத்தின் கீழ் அறைகள் துடிக்காது, புழுவாக நெளியும். ரத்தம் ஒரு சொட்டு வெளியே போகாது. சில விநாடியில் நினைவு போய்விடும். சில நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். அடைப்பு வந்தவருக்கு இந்தக் கோளாறும் கூடவே வரலாம், வராமலும் இருக்கலாம்.

இதற்கு ஒரே வைத்தியம், வெளியிலிருந்து ஒரு மின்சார ஷாக். தறிகெட்ட கரண்ட் ஒரு கணம் அடங்கும். இதயம் மறுபடி ஒழுங்காகத் துடிக்க ஆரம்பிக்கும்.

ஆனால் ஷாக் மெஷின் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறது? ஹெல்லர் வீட்டில் அல்லவா இருந்தார்? அவரை ஆயுசு பூராவும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுக்க வைக்க முடியுமா? மெஷினை ஆளுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? மிரோவ்ஸ்கியின் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான்.

கேட்ட டாக்டர்கள் எல்லாம் கையை விரித்தார்கள். அன்றைக்கு அந்த மெஷின் பத்துப் பதினைந்து கிலோ கனம். அதைச் சிகரெட் பெட்டி அளவுக்குச் சுருக்குவதாவது!

உடைந்த மெஷினில் பிறந்த வழி

1968-ல் மிரோவ்ஸ்கி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து சினாய் ஆஸ்பத்திரிக்குப் போனார். இதய அவசரப் பிரிவைக் கவனிக்கும் வேலை. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்துகொள்ளலாம். அங்கே டாக்டர் மார்ட்டன் மோவர் கூட்டாளியாகச் சேர்ந்தார்.

பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1969-ல், உடைந்து கிடந்த ஒரு ஷாக் மெஷினிலிருந்து தகட்டைக் கழற்றி நாயின் மார்புத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். ரத்தக் குழாய் வழியாக ஒரு கம்பியை இதயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். கொஞ்சம் மின்சாரமே போதும் என்று தெரிந்தது. 1970-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே சமயம் மிசௌரியில் ஜான் ஷூடர் என்பவரும் இதே யோசனையோடு நாய்க்குள் பெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் அந்த வேலையைத் தொடரவில்லை.

பெரிய தலை போட்ட போடு

1972-ல் விழுந்தது அடி. டாக்டர் பெர்னார்ட் லௌன், இன்னொரு டாக்டரோடு சேர்ந்து, 'சர்க்குலேஷன்' என்ற பிரபல இதய நோய்ப் பத்திரிகையில் தலையங்கம் எழுதினார். இந்தப் பெட்டி குறையுள்ள ஒரு வழி, இது யாருக்குப் பயன்படப்போகிறது என்கிற பாணியில் வெளுத்து வாங்கிவிட்டார்.

எழுதியவர் லேசுப்பட்டவர் இல்லை. டி.சி. மின்சாரத்தால் ஷாக் கொடுக்கும் முறையை 1960-களின் ஆரம்பத்தில் கொண்டுவந்தவரே அவர்தான். ஷாக் விஷயத்தில் அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. நியாயமாகப் பார்த்தால் அவர் கேட்டதிலும் அர்த்தம் இருந்தது. பெட்டி தப்பான நேரத்தில் ஷாக் கொடுத்தால் என்ன ஆகும்? யாருக்கு வைப்பது, யாருக்கு வேண்டாம் என்பது? மருந்தாலோ ஆபரேஷனாலோ நோயையே சரி செய்யக் கூடாதா?

மிரோவ்ஸ்கி அசையவில்லை. ஊர் பேர் தெரியாமல் ஓடி உயிர் பிழைத்தவருக்குத் தலையங்கம் எம்மாத்திரம் என்று தோன்றுகிறது. அதே 1972-ல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் 'மெட்ராட்' என்ற சின்னக் கம்பெனி நடத்திய டாக்டர் ஸ்டீபன் ஹெயில்மன் கை கொடுத்தார். ஆலோயிஸ் லாங்கர் என்ற என்ஜினீயரும் வந்து சேர்ந்தார்.

பெரிய சிக்கல் பெட்டியைச் சுருக்குவது மட்டும் அல்ல. ஆள் சாகிறார் என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நல்ல இதயத்தின் கோடு ஒரு துள்ளு துள்ளிவிட்டு, மிச்ச நேரம் அடிக்கோட்டிலேயே படுத்துக் கிடக்கும். கெட்டுப்போன இதயத்தின் கோடு அடிக்கோட்டில் தங்கவே தங்காது. மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். கோடு எவ்வளவு நேரம் அடியில் தங்குகிறது என்று பெட்டி கணக்குப் பார்க்கும். தங்கவில்லையா? போடு ஷாக்!

1980 பிப்ரவரி 4

அன்றைக்குப் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதல் முறையாக ஒரு மனித உடம்பில் பெட்டி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே இதயம் நின்று செத்துப் பிழைத்த ஒரு பெண்மணிக்கு. ஆபரேஷன் செய்தவர் டாக்டர் லீவாய் வாட்கின்ஸ். வாண்டர்பில்ட் மருத்துவக் கல்லூரியில் முதன் முதலாக இடம் பெற்ற கறுப்பு மாணவர் இவர்.

அப்போதெல்லாம் நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும். இதயத்தின் நுனியில் ஒரு தகடு, மேலே பெரிய ரத்தக் குழாயில் ஒரு கம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் கால் கிலோ கனத்தில் பெட்டி. முதல் மூன்று பேரின் விவரம் அந்த வருஷமே மருத்துவப் பத்திரிகையில் வந்தது. பெட்டி சொன்னபடி வேலை செய்தது!

1985-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதே 1985-ல் லௌனுக்கும் பெருமை வந்தது. அணுகுண்டுப் போரை எதிர்த்து அவரும் ரஷ்ய டாக்டர் சாசோவும் தொடங்கிய டாக்டர்கள் அமைப்புக்கு சமாதான நோபல் பரிசு. ஆஸ்லோவில் நிருபர்கள் கூட்டம் நடந்தபோது ரஷ்ய நிருபர் ஒருவர் இதயம் நின்று கீழே விழுந்தார். மேடையில் இருந்த டாக்டர்கள் ஓடி வந்து நெஞ்சை அமுக்கி அவரை மீட்டார்கள். அந்த நிருபருக்கு அதிர்ஷ்டம், ஹால் நிறைய இதய டாக்டர்கள் இருந்தார்கள். ஹெல்லர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மாத்திரையில் நடந்த விபரீதம்

மருந்தே நல்லது என்றார்களே, அது என்ன ஆயிற்று? மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் துடிப்பை ஒழுங்காக்க என்கைனைட், ஃப்ளெகைனைட் என்று இரண்டு மாத்திரைகளை அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தது 26 பேர்தான். துடிப்பைத் திருத்தக் கொடுத்த மருந்தே ஆளை முடித்திருக்கிறது. 1989-ல் அந்தச் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள்.

மறுபக்கம் பெட்டி. மாரடைப்பால் இதயம் பலவீனமாகி, துடிப்புக் கோளாறும் உள்ள 196 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த முடிவு 1996-ல் வந்தது. வழக்கமான வைத்தியத்தில் 101 பேரில் 39 பேர் சாவு. பெட்டி வைத்த 95 பேரில் 15 பேர்.

இந்தக் கணக்கை மிரோவ்ஸ்கி பார்க்கவில்லை. 1990 மார்ச்சில், 65 வயதில், புற்றுநோயில் இறந்துவிட்டார். கூட்டாளி மோவர் 2022 வரை இருந்தார்.

பெட்டியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நினைவோடு இருக்கும்போது ஷாக் விழுந்தால் குதிரை நெஞ்சில் உதைத்த மாதிரி இருக்கும் என்கிறார்கள் வாங்கினவர்கள். சில சமயம் தேவையில்லாமலும் உதைக்கிறது. அடுத்த உதை எப்போதோ என்று தூக்கம் கெட்டவர்களும் உண்டு. லௌன் அன்றைக்குக் கேட்டதில் பாதி கேள்வி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் நெஞ்சைத் திறக்கும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, ரத்தக் குழாய் வழியாகக் கம்பியை விட்டுவிடுகிறார்கள்.

2021 ஜூன் 12-ல் கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. மைதானத்திலேயே ஷாக் கொடுத்து மீட்டார்கள். பிறகு நெஞ்சில் பெட்டி வைத்தார்கள். பெட்டியோடு விளையாட இத்தாலி விதி இடம் கொடுக்கவில்லை. அங்கே இருந்த கிளப்பை விட்டு இங்கிலாந்துக்குப் போனார்.

2022 பிப்ரவரி 26. பிரென்ட்ஃபோர்டு அணிக்காக 52-வது நிமிஷத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. ஆட்டம் என்னவோ 2-0 தோல்விதான்.