சின்ன சாப்ட்வேருக்கு எவ்வளவு பெரிய பூட்டு?

“உங்கள் சாப்ட்வேரை யாராவது காப்பி எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” கருங்கலில் கடைகளுக்கு பில் போடும் சிறிய புரோகிராம்களை எழுதித் தரும் என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி இது.

பதிலாக லாகூர் கதையைச் சொல்வேன். 1986-ல் பாஸித், அம்ஜத் என்ற சகோதரர்கள் பிளாப்பியின் பூட் செக்டாரில் உட்காரும் ஒரு புரோகிராமை எழுதினார்கள். தங்கள் மருத்துவ சாப்ட்வேரைத் திருட்டு காப்பியிலிருந்து காக்கத்தான் என்றார்கள். அதில் அவர்களது முகவரியும் போன் நம்பரும் இருந்தன. அது பிளாப்பி விட்டு பிளாப்பி தாவி, பல நாடுகளுக்குப் பரவியது. ஐ.பி.எம். பி.சி.யின் முதல் வைரஸ் எனப்படும் ‘பிரெய்ன்’ அதுதான்!

ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பரோடு புரோகிராமைப் பிணைக்கலாம். ஆனால் டிஸ்க் பழுதானால், பணம் கொடுத்து வாங்கியவர்தான் பில் போட முடியாமல் தவிப்பார். யு.எஸ்.பி. ‘டாங்கிள்’ வலுவான பூட்டு. விலை குறைந்த புரோகிராமுக்கு அது கட்டுப்படியாகாது.

எனவே நான் வைப்பது ஒரே பூட்டு. கடையின் பெயரை வைத்து ஒரு கீ உருவாக்குகிறேன். பில்லின் தலைப்பில் அந்தப் பெயர்தான் அச்சாகும். பக்கத்துக் கடைக்காரர் காப்பி எடுத்தால், அவர் தரும் பில்லில் இவர் கடைப் பெயர் வரும்! கைதேர்ந்தவர் இதையும் உடைக்கலாம். ஆனால் அவர் எப்படியும் என்னிடம் வாங்கப் போவதில்லை.

வாசகர்களே, முறையாக வாங்கிய சாப்ட்வேருக்கு பேக்கப் காப்பி எடுத்துக்கொள்ள நமது பதிப்புரிமைச் சட்டம் (1957) அனுமதிக்கிறது. எனவே வாங்கும் முன்பே கேளுங்கள்: “டிஸ்க் போனால் புதிய கீ தருவீர்களா?”