வீடும் பிழைப்பும்

நாவலூரில் நாம் அண்ணாந்து பார்க்கும் அடுக்குமாடிகள் பல. வடக்கே அடுத்திருப்பது செம்மஞ்சேரி. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின், சென்னைக் கரையோர மீனவரும் குடிசைவாசிகளும் பலர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். வீடுகளைக் கட்டியது, 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம்.

கூரை கிடைத்தது நன்மையே. ஆனால், அவர்கள் பிழைத்த கரையும் வீதிகளும் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால்! வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் அருகே வேண்டும் என்பதே அம்மக்கள் கேட்பது.

நெருக்கமாகக் கட்டுவது குற்றமன்று. நிலம் மிச்சப்படும், விலையும் குறையும். நீரும் வடிகாலும் பிழைப்பும் இல்லாத இடத்தில் நெருக்குவதே குற்றம்.

ஆகவே, நகரைத் திட்டமிடுவோர் வீடுகளை எண்ணுமுன், அங்கு வாழப்போகிறவர்களைக் கேட்கட்டும். நம் அடுக்குமாடிகளுக்கு வேலைக்கு வரும் செம்மஞ்சேரி அக்காக்களிடம் நாமும் கேட்போமா?