மணிக்கு எத்தனை வீடு?

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் வழியில் தோட்டத்து லயங்களில் விடியற்காலை பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும்போது நாய்களும் கூடவே கிளம்பிவிடும். கொழுந்து மலையில் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருக்கும் இடத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளும். நிறுவைக்காக மடுவத்துக்கு இறங்கும்போது பின்னாலேயே வரும். வழியில் எதிர்ப்படுகிறவர், "என்னாக்கா, மணிக்குக் காலு சரியாயிருச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். மணி என்ற நாயின் காலில் தொடங்கிய பேச்சு, கொழும்புக்கு வேலைக்குப் போன மகனையும் அடகில் கிடக்கும் தோட்டையும் தொட்டுவிட்டுத்தான் நிற்கும்.

ஒருவரிடம் போய் நேரடியாக "கடன் அடைந்ததா?" என்று கேட்க முடியாது. நாயைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கலாம். கேட்டவருக்கும் கூச்சமில்லை, பதில் சொல்பவருக்கும் மானக்குறைவில்லை.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூன் மெக்னிகோலஸ், கிளின் கோலிஸ் ஆகிய இருவரும் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஒரே ஆள் நாயோடும் நாயில்லாமலும் நடமாடினால், நாயோடு போகும்போதே அதிகம் பேர் நின்று பேசினார்கள். நல்ல உடுப்போடும் அழுக்கு உடுப்போடும் ஓர் ஆளை அனுப்பிப் பார்த்தார்கள். உடுப்பைவிட நாய் கூட இருப்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் மூன்று அமெரிக்க நகரங்களிலும் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, வளர்ப்புப் பிராணி வைத்திருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தாரின் பழக்கம் கூடுதல் என்று காட்டியது. பிராணி மூலம் அறிமுகமானவர்களிடமிருந்து ஏதாவதொரு வகையில் ஆதரவு கிடைத்ததாக அவர்களில் சுமார் 40 வீதமானோர் சொன்னார்கள்.

ஆனால் அந்த நகரங்களில் நாயைக் கயிற்றில் பிடித்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே சந்திப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள். லயத்தில் யாரும் நாயை உலாவக் கூட்டிப் போவதில்லை, தெரியாத முகமும் இல்லை. பிறகு நாய்க்கு இங்கே என்ன வேலை?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். இந்த நெருக்கமே சண்டையையும் கொண்டுவரும். பீலித் தண்ணீர், கான், கோழி, போதாததற்கு ஆளுக்கொரு தொழிற்சங்கம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு மாதக்கணக்கில் முகம் பார்க்காத வீடுகள் உண்டு. நாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆகாத வீட்டு இஸ்தோப்பில்தான் போய்ப் படுக்கும். அங்கே போடுகிற ரொட்டித் துண்டையும் தின்னும். அதைக் கூப்பிட்டுவரப் பிள்ளையை அனுப்புவார்கள். போன பிள்ளை தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பும். பெரியவர்கள் இறங்கிப் போக முடியாத இடத்துக்குப் பிள்ளையும் நாயும் போய்விடுகின்றன. உறவு மீண்டும் ஒட்டுவதற்கு அந்த அளவு போதுமானதாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரவில் வேறு கதை. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளின் காட்டுத் துண்டுகளிலும் தேயிலைக்குள்ளும் சிறுத்தைகள் நடமாடுகின்றன. பணிய லயத்தில் ஒரு நாய் வித்தியாசமாகக் குரைத்தால், மேட்டு லயம் வரைக்கும் எல்லா நாய்களும் எடுத்துக்கொள்ளும். விளக்குகள் எரியும், கதவுகள் திறக்கும், "புலியா?" என்று குரல் கேட்கும். நாய்களைத் தேடித்தான் சிறுத்தை பெரும்பாலும் லயத்துப் பக்கம் வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. காவலும் அதுவே, இரையும் அதுவே. இரவில் நாயை உள்ளே படுக்கவைப்பது நாய்க்கும் நல்லது, சிறுத்தைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஒரே நாய் பல வீடுகளுக்கும் சொந்தமாக இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோறு போட மூன்று வீடு இருக்கும். அது யாரையாவது கடித்துவிட்டால் ஒரு வீடும் இருக்காது. அன்றுவரை எல்லாருடைய மணியாக இருந்தது அன்று யாருடைய நாயும் இல்லை. அப்படிப் பொலிஸ் நிலையம் வரை போன வழக்குகள் தோட்டங்களுக்குப் புதிதல்ல. கடியோடு விசர்நோய்ப் பயமும் வரும்; இலங்கையில் விசர்நாய்க்கடி தொடர்பான கட்டளைச் சட்டம் 1893இலேயே வந்தது. தெருநாய்களைக் கொல்வதை 2006இல் அரசு நிறுத்தியது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி. ஆகவே தடுப்பூசி போட வருகிறவர்கள் "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்கும்போது, சோறு போடும் வீடுகளில் ஒன்றாவது தயங்காமல் பெயர் கொடுக்க வேண்டும். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் மருந்தாகாது.

இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியும் சொந்தக் கூரையும் தலைமுறைகளாகப் போராடிக் கேட்டவை; அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நீண்ட இஸ்தோப்பு போய்விட்டது. வேலி வந்துவிட்டது. இளையவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்க, பல வீடுகளில் பென்சன் எடுத்த பாட்டி மட்டும் இருக்கிறார்.

வேலிக்கு அடியில் புகுந்து போகிற பழக்கத்தை நாய் விடவில்லை. காலையில் பாட்டி வீட்டில் ரொட்டி, மத்தியானம் பக்கத்து வீட்டில் சோறு. ஒருநாள் மத்தியானம் தட்டு அப்படியே கிடந்தால், "மணிய காணோமே, பாட்டி வீட்டுல கட்டிப்போட்டிருக்காங்களா, போய்ப் பாத்துட்டு வா" என்று பிள்ளையை அனுப்புகிறார்கள். பிள்ளை போய்ப் பார்த்தால், கதவு சாத்தியிருக்கிறது. வாசலில் நாய் எழும்பாமல் படுத்திருக்கிறது. உள்ளே பாட்டி காய்ச்சலில் கிடக்கிறார்.