கப்பல் மணியின் எழுத்தும் உலோகமும்: அடையாளம் காணலும் பாதுகாத்தலும்

முன்னுரை

கீழக்கரை, தேவிபட்டினம், பாம்பன் முதலிய இராமநாதபுரக் கடற்கரைத் துறைகள் மரக்கல வணிகத்தால் வளர்ந்தவை. இத்தகைய ஊர்களில் பழைய கப்பல் மணி ஒன்று கிடைக்குமாயின், அதனைத் துலக்கிப் புதுப்பிப்பதே முதற்பணி எனப் பலர் கருதுவர். துலக்குவதற்கு முன்னர் அதன் எழுத்தையும் உலோகத்தையும் ஆராய்ந்து பதிவுசெய்தல் வேண்டும் என்பதை, நியூசிலாந்தின் 'தமிழ் மணி'யை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ் மணி

கிறித்தவ சமயப் பணியாளரான வில்லியம் கொலென்சோ (1811–1899), 1836ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரி மக்கள் உடைந்த வெண்கல மணியொன்றில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேர்ப்பகுதியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். இன்று வெலிங்டனின் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ள அம்மணியின் எழுத்துகள், "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி" எனப் படிக்கப்பட்டுள்ளன. சமையற்கலமாகிவிட்ட ஒரு பொருளைக் கப்பல் மணி என உறுதிப்படுத்தியது இந்த ஒரு வரியே.

எழுத்துச் சான்று

'முகைய்யதீன் வக்குசு' என்பது முகியித்தீன் பக்ஷ் என்னும் பெயரின் தமிழ் வடிவம். பகரவொலி வகரமாகவும், 'க்ஷ்' என்னும் மெய்ம்மயக்கம் உகரம் பெற்றுக் 'க்குசு' எனவும் மாறியுள்ளன. கிரந்த எழுத்து இடம்பெறவில்லை. அப்பெயர் உரிமையாளரைக் குறிக்கலாம். கப்பலையே குறிக்கவும் கூடும்.

மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படாமையைப் பெரும்பழமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அச்சுப் பரவும்வரை ஓலைச்சுவடிகளில் அவ்வழக்கம் நீடித்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் காட்டிய வீரமாமுனிவரின் (1680–1747) சீர்திருத்தத்தைக் காலவரையறைக்குப் பயன்படுத்துவதும் இங்கு இயலாது; அவ்வொலிகள் வரும் எழுத்து ஒன்றேனும் இவ்வரியில் இல்லை. 'ணை', 'லை', 'றா' போன்ற பழைய வரிவடிவ வேறுபாடு கொண்ட எழுத்துகளும் இல்லை.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய மரக்காயர் துறைகள் எவற்றோடும் இப்பெயர் பொருந்தும். ஆயின் துறைப்பெயர் மணியில் இல்லை. மேலும், கப்பலினின்று கழன்ற மணி கைமாறித் தொலைவு செல்லக்கூடியது. ஆகவே, மணி கிடைத்த இடத்தைக் கொண்டே தமிழர் கப்பல் அங்குச் சென்றது என முடிவுசெய்தல் தகாது.

உலோகச் சான்றும் பாதுகாப்பும்

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். நிறத்தைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரித்தறிதல் கூடாது. கடலுப்பால் பித்தளையிலிருந்து துத்தநாகம் நீங்கினால் மேற்பரப்பு செந்நிறம் பெறும். செம்புக் கலவைகளில் தங்கிய குளோரைடு ஈரத்துடன் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக வெளிப்படின், அரிப்பு தொடர்கிறது என்பது பொருள்.

புளியின் அமிலம் காலத்தால் படிந்த களிம்பைக் கரைக்கும். செங்கற்பொடி புடைப்பெழுத்துகளின் விளிம்பைத் தேய்க்கும். எனவே பக்கவாட்டு ஒளியில் நிழற்படம் எடுத்தல், எடையும் அளவும் குறித்தல், எழுத்தைப் படியெடுத்தல் ஆகியன முதலில் நிகழ வேண்டும். பொருள் ஈரமற்ற இடத்தில் இருத்தல் நன்று. அரிப்பு நீக்கம் வல்லுநர் பணியாகும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில், எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் வெண்கலத் திருமேனிகளின் அரிப்பை நீக்கியமை இத்துறைக்கு முன்னோடியாகும். உடைந்த விளிம்பைப் பற்றவைத்தலும் உருக்கி மீள வார்த்தலும் தவிர்க்கப்பட வேண்டியவை. உடைவும் அப்பொருளின் வரலாற்றுச் சான்றே.

முடிவுரை

தமிழ் மணி முழுமையாக எஞ்சவில்லை. எஞ்சிய பகுதியில் எழுத்து நிலைத்திருந்தமையால் அது அடையாளம் பெற்றது. எழுத்துத் தேய்ந்திருப்பின் அது உடைந்த பாத்திரமாகவே கருதப்பட்டிருக்கும். கடற்கரை ஊர்களில் பழைய மணிகள் எடைக்குப் போடப்படுவதற்கு முன்னர் அவற்றிலுள்ள எழுத்துகளைப் படியெடுத்துத் தொகுத்தல், தமிழ்க் கடல்வணிக வரலாற்றாய்வுக்கு உடனடித் தேவையாகும்.